வேதம் தனக்குத்தானே சாட்சியாகுமா?

பல வருடங்களுக்கு முன்னர், உயர்தர வகுப்புக்கு நான் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். அன்று சீறாப்புராணத்தில் நுபுவ்வத்துக் காண்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். வஹீ இறங்கும் இடம் வந்தது. பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான்.

"ஸேர், குர்ஆன் அல்லாஹ்ட வேதம் எண்டு நமக்கு எப்படித் தெரியும்?"

"குர்ஆனே அப்படிச் சொல்லுது மகன்."

"குர்ஆன் சொல்றது உண்மை எண்டு எப்படித் தெரியும் ஸேர்?"

"அல்லாஹ்ட வேதம் பொய் சொல்லுமா?"

சொல்லி முடித்த பிறகுதான், புறப்பட்ட இடத்துக்கே நான் திரும்பி வந்து நிற்பது எனக்கு விளங்கியது. வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மணி அடித்ததால் நான் தப்பினேன்.

அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டு ஒரு சிறு நூலைக் கொடுத்தேன். அக்காலத்தில் நமது ஊர்களில் கைக்குக் கை மாறித் திரிந்த, எண்களால் வேதத்தை நிறுவும் நூல்களுள் அது ஒன்று. 'நாள்' என்ற சொல் குர்ஆனில் 365 தடவை வருகிறது, 'மாதம்' 12 தடவை வருகிறது என்ற வகையிலான பட்டியல்கள் அதில் நிறைய இருந்தன. இரண்டு கிழமை கழித்து அவன் ஒரு கொப்பியோடு வந்தான். பள்ளிவாசல் நூலகத்தில் கிடந்த 'அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்' என்ற சொல்லடைவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எண்ணியிருந்தான். ஒருமையை மட்டும் எடுப்பதா, இருமையையும் பன்மையையும் சேர்ப்பதா, பிற சொல்லோடு ஒட்டி வரும் வடிவங்களை விடுவதா என்பதைப் பொறுத்து எண் மாறிக்கொண்டே இருந்தது. "365 வாறதுக்கு எதையெல்லாம் விடணும் எண்டு முதல்ல முடிவு செய்யணும் ஸேர்" என்றான். குரலில் வெற்றி இல்லை. ஏமாற்றம்தான் இருந்தது. அந்தக் கொப்பியை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

அவனுடைய கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதைக் காட்டிலும், அவனுக்கு நான் கொடுத்த பதில்தான் இத்தனை காலமும் என்னை உறுத்தியது. கேட்டது சரியான கேள்வி. அதை நமது முன்னோர் நம்மைவிடத் தெளிவாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

கலாம் கலையில் 'தவ்ர்' என்றொரு சொல் உண்டு. வட்டம் சுற்றுவது என்று அதன் பொருள். ஒன்றை நிறுவ இரண்டாவதையும், இரண்டாவதை நிறுவ முதலாவதையும் கொண்டுவந்தால் அது தவ்ர் எனப்படும். அந்த வாதம் செல்லாது. முஃதஸிலாக்களின் பேரறிஞர் காழி அப்துல் ஜப்பார் (மறைவு ஹிஜ்ரி 415 / கி.பி. 1025) இதை வேதத்தின் விடயத்திலேயே பேசினார். இறைவன் இருக்கிறான், அவன் நீதியாளன், பொய் உரைக்காதவன் என்பவற்றை முதலில் அறிந்தால்தான் அவனுடைய பேச்சு ஆதாரமாகும். ஆகவே அந்த முதல் விடயங்களுக்கு வேதத்தையே ஆதாரமாகக் காட்ட முடியாது என்பது அவரது நிலைப்பாடு. இது முஃதஸிலாக்களின் வழிகேடு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. அவர்களை எதிர்த்து நின்ற அஷ்அரிய்யாக்களுள் தலையாயவரும் இமாம் கஸ்ஸாலியின் ஆசிரியருமான இமாமுல் ஹரமைன் ஜுவைனி (மறைவு ஹிஜ்ரி 478 / கி.பி. 1085) தமது 'அல்இர்ஷாத்' நூலில், பகுத்தறிவால் மட்டும் அறியப்படுபவை, வேதச் செய்தியால் மட்டும் அறியப்படுபவை, இரண்டாலும் அறியப்படுபவை என்று பிரிக்கிறார். வேதம் உண்மை என்பதற்கு அத்திவாரமாக உள்ளவற்றை அவர் முதல் வகையிலேயே வைக்கிறார். பல விடயங்களில் முரண்பட்ட இரு தரப்பாரும் இந்த ஒரு விடயத்தில் ஒன்றுபட்டிருந்தார்கள்.

இந்த மண்ணின் மற்றைய மரபுகளும் இதே இடத்தில் முட்டி நின்றவைதாம். காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வகுத்த இந்திய மெய்யியலில், வேதம் தன்னளவிலேயே பிரமாணம், அதற்குப் புறச்சான்று தேவையில்லை என்று மீமாஞ்சகர் வாதிட்டனர். நியாயவாதிகள் அதை ஏற்கவில்லை. நம்பத்தகுந்தவரின் வாக்கு என்பதால்தான் வேதம் பிரமாணமாகிறது என்றனர். அதற்கு அவர்கள் காட்டிய உவமை மருத்துவ நூல். அந்த மருந்து வேலை செய்வதைப் பார்க்கிறோம். ஆகவே அதைச் சொன்னவரை நம்புகிறோம். இந்த மருத்துவ உவமைக்கு நாம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

அப்படியானால் வேதம் தனக்குத்தானே சாட்சியாகாது என்று கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாமா? முடியாது. 'சாட்சி' என்ற சொல்லில் இரண்டு பொருள் கலந்து கிடக்கிறது. நீதிமன்றத்தில் ஒருவன் கூண்டில் ஏறி "நான் உண்மையே பேசுபவன்" என்று சொன்னால், அந்த வாக்கியத்துக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. பொய்யனும் அதையேதான் சொல்வான். ஆனால் அவனைக் குறுக்கு விசாரணை செய்யும்போது அவன் பதில் சொல்லும் விதம், சொன்னதற்கும் மற்றவற்றுக்கும் உள்ள பொருத்தம், எங்கே தடுமாறுகிறான், எங்கே தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்கிறான் என்பவை பெறுமதியுள்ளவை. ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்வது வேறு, அவனிடத்தில் நாம் காண்பது வேறு. வேதத்துக்கும் இது பொருந்தும். அதிகாரமாக நிற்கும்போது அது தனக்குச் சான்றாகாது. ஆராயப்படும் பொருளாக நிற்கும்போது ஆகலாம்.

என் சிறு பராயத்தில் வாப்பா வியாபாரத்துக்காகத் தூர ஊரில் இருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரரைக் கொண்டு கடிதம் எழுதுவிப்பார். கடிதத்தின் அடியில் வாப்பாவின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை யாரும் எழுதியிருக்கலாம். ஆனால் உம்மாவுக்கு, நான் வாசிக்க வாசிக்க, அது வாப்பாவின் கடிதம்தான் என்று தெரிந்துவிடும். கிணற்றடி வேலியைப் பற்றிய விசாரிப்பு, கோபத்தைக்கூடச் சுற்றிவளைத்துச் சொல்லும் முறை, இவை வேறொருவருக்கு வராது. கையொப்பம் சான்றாகவில்லை, கடிதம் சான்றாகியது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வாப்பாவை ஏற்கனவே அறிந்திருந்த உம்மாவுக்குத்தான் அது சான்று. அறியாத தபாற்காரருக்கு அது வெறும் கடதாசி.

அல்குர்ஆன் தன்னைப் பற்றி வாதிடும் இடங்களைக் கவனித்தால், "நான் சொல்கிறேன், ஆகவே நம்பு" என்ற வட்டத்துக்குள் அது நின்றுவிடவில்லை என்பது தெரியும். யூனுஸ் அத்தியாயத்தில் (10:16) நபி (ஸல்) அவர்கள், இதற்கு முன் ஓர் ஆயுட்காலம் உங்களிடையே வாழ்ந்திருக்கிறேனே, சிந்திக்க மாட்டீர்களா என்று கேட்கும்படி பணிக்கப்படுகிறார்கள். இங்கு சான்றாக வைக்கப்படுவது மக்கா வாசிகள் கண்ணால் கண்ட நாற்பது வருட வாழ்க்கை. நிஸா அத்தியாயத்தில் (4:82) முரண்பாடு இருக்கிறதா என்று ஆராயும்படி அழைக்கப்படுகிறது. பகராவில் (2:23) இது போன்ற ஓர் அத்தியாயத்தைக் கொண்டுவாருங்கள் என்ற அறைகூவல் வருகிறது. அதே பகராவில் (2:111) சுவர்க்கம் தமக்கே உரியது என்றவர்களிடம், உண்மையாளர்களாயின் ஆதாரத்தைக் கொண்டுவருமாறு கேட்கப்படுகிறது. பிறரிடம் 'புர்ஹான்' கேட்கும் ஒரு வேதத்தை நம்புகிறவர்கள், தம்மிடம் அது கேட்கப்படும்போது முகம் சுளிக்க நியாயமில்லை.

இந்த வாதங்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். முரண்பாடின்மை அவசியமான நிபந்தனை. அது போதிய நிபந்தனையல்ல. நல்ல கேத்திர கணித நூலிலும் முரண்பாடு இராது. அறைகூவலின் கதை இதைவிடச் சிக்கலானது. 'இஃஜாஸ்', அதாவது ஒப்புவிக்க இயலாத தன்மை, எங்கே இருக்கிறது என்பதில் நமது அறிஞர்களிடையே ஒரே கருத்து இருக்கவில்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த நழ்ழாம், அரபிகளுக்கு அப்படியொன்றை இயற்றும் ஆற்றல் இருந்தும் இறைவன் அவர்களைத் திருப்பிவிட்டான் என்றார். 'ஸர்ஃபா' எனப்படும் இக்கருத்தைப் பெரும்பாலோர் மறுத்தனர். பாகில்லானி (மறைவு ஹிஜ்ரி 403 / கி.பி. 1013) அரபிகளின் தலைசிறந்த கவிஞனாகிய இம்ரவுல் கைஸின் கவிதையையே வரிவரியாக எடுத்து அதன் குறைகளைக் காட்டி, வேதத்தின் நடை அதற்கு அப்பாற்பட்டது என்று நிறுவ முயன்றார். அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (மறைவு ஹிஜ்ரி 471 / கி.பி. 1078) தனிச்சொற்களை விட்டுவிட்டு, சொற்கள் ஒன்றோடொன்று தொடுக்கப்படும் முறையில், 'நழ்ம்' என்பதில், அதைத் தேடினார். அந்தத் தேடல் அரபு இலக்கியத் திறனாய்வுக்கே அடித்தளமாயிற்று. ஒரு நூலின் மீது கொண்ட நம்பிக்கை, மொழி எப்படி வேலை செய்கிறது என்ற ஆராய்ச்சியாக வளர்ந்தது நம்மைப் போன்ற எழுத்துக்காரர்களுக்குப் பெருமை தருவது.

ஆனால் இலக்கிய வாசகன் ஒருவன் இங்கு எழுப்பக்கூடிய ஐயம் ஒன்றுண்டு. கம்பனைப் போல் இன்னொருவன் பாடவில்லை. அதனால் கம்பன் பெருங்கவி என்பது நிறுவப்படும். அவன் பாட்டு வானத்திலிருந்து வந்தது என்பது நிறுவப்படாது. ஒப்பற்றது என்பதிலிருந்து இறைவனிடமிருந்து வந்தது என்பதற்குச் செல்ல இடையில் ஒரு படி தேவை. ஒப்பற்ற மனித ஆக்கங்கள் நிற்கும் அதே வரிசையில் இது நிற்கவில்லை, வகையிலேயே வேறானது என்று காட்டவேண்டும். பாகில்லானியும் ஜுர்ஜானியும் பாடுபட்டது அந்தப் படிக்காகத்தான்.

நமக்கோ அதற்கும் முன்னால் வேறொரு தடை இருக்கிறது. நாம் அரபிகளல்லர். நம்மில் பெரும்பாலோர் பொருள் தெரியாமலேயே ஓதுகிறோம். மொழியின் அழகே சான்று என்றால், அந்தச் சான்றை நாம் கண்ணால் கண்டதில்லை. பாகில்லானி இதையும் மறைக்கவில்லை. அரபியல்லாதவர் இஃஜாஸை நேரடியாக அறிய முடியாது, அந்த மொழியின் வல்லுநர்கள் இயலாமற் போனார்கள் என்ற செய்தியிலிருந்து அனுமானித்தே அறிய முடியும் என்றார். ஆக, தமிழ் முஸ்லிமான எனக்கு வேதம் தனக்குத்தானே சாட்சி என்பதுகூட, வேறு சாட்சிகள் சொல்லக் கேட்ட சாட்சிதான். ஜுர்ஜானி பாரசீகர். அவர் அரபு கற்று அந்த அழகின் உள்ளே நுழைந்தார். நாம் கற்கவில்லை. அந்த இடைவெளியைத்தான் எண் விளையாட்டுக்களாலும் விஞ்ஞான அற்புதங்களாலும் நிரப்பப் பார்க்கிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அரபு தெரியாதவனும் எண்ணலாம் அல்லவா?

அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த உயிரிரசாயனவியலாளர் ரஷாத் கலீஃபா, 1970களில் கணினியின் உதவியோடு குர்ஆனின் எழுத்துக்களை எண்ணி, எல்லாம் 19 என்ற எண்ணால் வகுபடுகிறது என்று அறிவித்தார். முஸ்லிம் உலகில் பலர் அதைக் கொண்டாடினார்கள். பின்னர் தவ்பா அத்தியாயத்தின் இறுதி இரு வசனங்கள் (9:128, 129) கணக்குக்கு இடைஞ்சலாக நின்றபோது, அவை வேதத்தின் பகுதியல்ல என்று அவர் நீக்கிவிட்டார். தம்மையும் ஒரு தூதர் என்று அறிவித்தார். 1990இல் அரிசோனாவின் டூசன் நகரில் அவர் கொலை செய்யப்பட்டார். அந்தக் கொலையை எந்த நியாயத்தாலும் மறைக்க முடியாது. ஆனால் அவரது வாதம் போன திசை படிப்பினைக்குரியது. வேதத்தை நிறுவ வந்த எண், இறுதியில் வேதத்துக்கே நீதிபதியாயிற்று. நவீன விஞ்ஞானக் கருத்துக்களை வசனங்களுக்குள் தேடுவதிலும் இதே ஆபத்து உண்டு. இன்று ஒரு கொள்கையைக் காட்டி "பாருங்கள், வேதம் உண்மை" என்றால், நாளை அக்கொள்கை மாறும்போது என்ன சொல்வது? கிரனடாவின் இமாம் ஷாத்திபி (மறைவு ஹிஜ்ரி 790 / கி.பி. 1388) எல்லாக் கலைகளையும் குர்ஆனிலிருந்து உருவி எடுக்க முனைவதை அன்றே மறுத்தார்.

இமாம் கஸ்ஸாலி தமது 'அல்முன்கித் மினள் ளலால்' நூலில் ஓர் உதாரணம் தருகிறார். மூன்றைவிடப் பத்துப் பெரிது என்று எனக்குத் தெரியும். ஒருவன் வந்து, இல்லை, மூன்றுதான் பெரிது, அதற்கு ஆதாரமாக இந்தத் தடியைப் பாம்பாக்குகிறேன் என்று சொல்லி, ஆக்கியும் காட்டினால், எப்படிச் செய்தான் என்று வியப்பேனே தவிர, பத்தைப் பற்றிய என் அறிவில் ஐயம் கொள்ளேன் என்கிறார். அதே நூலின் பிற்பகுதியில், நபித்துவத்தைப் பற்றிய உறுதியைத் தடி பாம்பானதிலிருந்தோ சந்திரன் பிளந்ததிலிருந்தோ தேடாதே என்றும் சொல்கிறார். மருத்துவத்தில் கொஞ்சம் அறிந்தவன், ஜாலினூஸின் நூலைப் பார்த்து அவர் மருத்துவர்தான் என்று அறிந்துகொள்வான். அதுபோல, சொல்லப்பட்டதை வாழ்ந்து பார்த்து, ஒன்றல்ல, ஆயிரம் தடவை பார்த்து, அறிந்துகொள் என்பது அவரது வழி. கஸ்ஸாலியோடு பல இடங்களில் மோதிய இப்னு ருஷ்தும் (மறைவு ஹிஜ்ரி 595 / கி.பி. 1198) இந்த இடத்துக்கே வருகிறார். தாமே மருத்துவரான அவர் சொல்லும் உவமை இது: இருவர் தம்மை மருத்துவர் என்கிறார்கள். ஒருவர் அதற்கு ஆதாரமாகத் தண்ணீரின் மேல் நடந்து காட்டுகிறார். மற்றவர் நோயாளியைக் குணமாக்கிக் காட்டுகிறார். தண்ணீரில் நடப்பது வியப்புத்தான், ஆனால் அது மருத்துவத்தின் வேலையல்ல. நியாயவாதிகளின் மருத்துவ நூல் உவமை இங்கே நினைவுக்கு வருகிறது. வேறு நிலம், வேறு வேதம். ஆனால் சிந்தித்தவர்கள் ஒரே உவமையைக் கண்டடைந்திருக்கிறார்கள்.

இந்த உவமை இதமானது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. குணமாக்குவதுதான் சான்று என்றால், மற்ற மருத்துவர்களிடம் போனவர்களும் குணமானதைக் காணும்போது என்ன சொல்வது? என்னோடு ஒன்றாகப் படிப்பித்த இந்து நண்பர் ஒருவர், தேவாரம் பாடும் வேளையில் மனம் அடங்கும் என்பார். அதை மறுக்க எனக்கு என்ன உரிமை? அடுத்தது, இன்னும் கசப்பானது. மருந்தைக் கையில் வைத்திருக்கும் நாமே நோயாளிகளாகத் திரிந்தால், பார்க்கிறவன் மருந்தைப் பற்றி என்ன முடிவுக்கு வருவான்? புகாரியில் வரும் ஹிர்கல் மன்னனின் விசாரணை இதற்குப் பொருத்தமானது. அன்று எதிரணியில் இருந்த அபூ ஸுஃப்யானைக் கூப்பிட்டு அவன் விசாரித்தவற்றுள் அற்புதங்கள் இல்லை. அவர் முன்பு பொய் சொன்னதுண்டா, வாக்கு மீறியதுண்டா, அவரைப் பின்பற்றுவோர் யார், அவர் எதை ஏவுகிறார் என்பவற்றைத்தான் கேட்டான். இன்று நம்மைப் பற்றி நம் அயலவரிடம் ஒரு ஹிர்கல் விசாரித்தால் என்ன பதில் கிடைக்கும்? வேதத்தின் சான்றைக் கெடுப்பவர்கள் கேள்வி கேட்கும் மாணவர்களல்லர் என்று அப்போது நமக்கு விளங்கும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, என்னுடைய நம்பிக்கை இவற்றில் எதிலிருந்து வந்தது என்று கேட்டால், எதிலிருந்தும் இல்லை என்றே சொல்லவேண்டும். சுபஹுக்குப் பிறகு உம்மா யாஸீன் ஓதுவா. ஒரு சொல்லின் பொருளும் அவவுக்குத் தெரியாது. பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் குரலிலிருந்து வந்தது. இது நான் நம்புவதற்கான காரணம். நம்பிக்கை உண்மை என்பதற்கான ஆதாரமல்ல. வேறு வீட்டில் பிறந்திருந்தால் வேறு குரல் கேட்டிருப்பேன். காரணத்தை ஆதாரமாகப் பிறர் முன் வைப்பது முறையல்ல. அதே வேளை, காரணம்தான் என்பதற்காக அதை உதறிவிடவும் வேண்டியதில்லை. உம்மாவை அந்தக் கடிதத்துக்குக் காது கொடுக்க வைத்தது வாப்பாவோடு இருந்த பழக்கம். என்னை வேதத்துக்குக் காது கொடுக்க வைத்தது உம்மாவோடு இருந்த பழக்கம். கேட்ட பிறகு ஆராய்வது என் பொறுப்பு.

ஆகவே, அந்த மாணவனுக்கு இன்று நான் சொல்லக்கூடியது இதுதான். வேதத்தின் உண்மை கேள்விக்குரியதாக இருக்கும்போது, வேதம் தன்னைப் பற்றிச் சொல்வதை ஆதாரமாகக் காட்ட முடியாது. நீ கண்டது சரியான வட்டம்தான். ஆனால் வேதத்தை வாசித்து, மொழியைக் கற்று, அது சொல்லும் வாழ்க்கையை வாழ்ந்து பார்த்து, அதைக் கொண்டுவந்தவரின் வாழ்க்கையை விசாரித்து நீ அடைவது ஆதாரமாகலாம். அந்த ஆதாரம் உனக்குரியது. அதை இன்னொருவன் கழுத்தில் கட்ட முடியாது. இன்னொருவனுக்கு நீ காட்டக்கூடியது உன் நடத்தையை மாத்திரம்தான்.

இன்னுமொன்றும் சொல்வேன். பகராவில் (2:260) இப்ராஹீம் (அலை) அவர்கள், இறந்தோரை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டும்படி இறைவனிடம் கேட்கிறார்கள். நீர் நம்பவில்லையா என்று இறைவன் வினவ, நம்புகிறேன், ஆனால் உள்ளம் அமைதி பெறவேண்டும் என்கிறார்கள். அவர்கள் கண்டிக்கப்படவில்லை. நான்கு பறவைகளை எடுக்கும்படி சொல்லப்படுகிறது. கேட்டவருக்குச் செய்து பார்க்க ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. நானும் அன்று ஒரு மாணவனுக்கு வேலை கொடுத்தேன், பிழையான வேலை.

அவன் இப்போது வெளிநாட்டில் பொறியியலாளனாக இருக்கிறான். ஒரு பெருநாள் விடுமுறையில் சந்தித்தோம். தேநீர் குடித்தோம், பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். அவன் தொழுகிறானா, நம்புகிறானா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகப் படவில்லை. அவனுடைய கொப்பி இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. இருபத்தேழு பக்கம், நீல மை, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அத்தியாய எண்ணும் வசன எண்ணும். எனக்குத் தெரிந்து நம் ஊரில் அந்த வயதில் வேதத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் வேறு யாருமில்லை. அடுத்த தடவை வரும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.